குப்பைக்குப் போன கோடிகள்

1896 ஜூலை. மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் டெஸ்ட் பந்தயம். இங்கிலாந்து அணியில் முதன்முறையாக இறங்கிய இளைஞர் ஓர் இந்தியர். முதல் இன்னிங்ஸில் 62, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 154. பந்தயத்தில் இங்கிலாந்து தோற்றது. ஆனால் மறுநாள் எல்லோர் வாயிலும் அவர் பெயர்தான்: ரஞ்சித்சிங்ஜி.

அதே 1896ல்தான் வில்ஸ் சிகரெட் கம்பெனி கிரிக்கெட் வீரர்கள் ஐம்பது பேரைச் சின்னஞ்சிறு அட்டைகளில் அச்சடித்துத் தன் பெட்டிகளுக்குள் செருகியது. அப்போது சிகரெட் வந்தது மெல்லிய காகித உறையில். சட்டைப் பையில் போட்டால் நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையாக ஏன் இருக்க வேண்டும், படம் போட்டால் வாங்கியவன் அடுத்த படத்துக்காக மறுபடி வருவானே என்று யாருக்கோ தோன்றியது. நடிகைகள், ராணுவ உடுப்புகள், பறவைகள் என்று எதையெதையோ போட்டார்கள். இங்கிலாந்தில் கிரிக்கெட் நிலைத்தது. ரஞ்சியின் முகமும் அந்தக் காலத்து அட்டைகளில் பலமுறை வந்தது. அமெரிக்காவில் பேஸ்பால் நிலைத்தது. அங்கேதான் நம் கதை சூடு பிடிக்கிறது.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஒரு பெரிய பேஸ்பால் வரிசையை வெளியிட்டது. அதில் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை மட்டும் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. தன் படத்தைக் காட்டிச் சிறுவர்களுக்குப் புகையிலை விற்பது பிடிக்காமல் அவரே தடுத்தார் என்று ஒரு கதை உண்டு. அவரே புகையிலை மெல்லுகிறவர், சேர வேண்டிய பணத்தில்தான் தகராறு என்று இன்னொரு கதையும் உண்டு. எது எப்படியோ, வெளியே போனவை கொஞ்சம்; இன்று எஞ்சியிருப்பவை அறுபதுக்கு மேல் இருக்காது என்கிறார்கள். 2022ல் அதில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

அந்த வரிசைக்கு இன்று உலகம் முழுக்க 'டி206' என்று பெயர். கம்பெனி வைத்த பெயர் அல்ல அது. வைத்தவர் ஜெஃபர்சன் பர்டிக்.

இந்த மனிதரைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் சிராக்கியூஸ் நகரத்தில், மின்சாரச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் சாதாரண வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கைகால் மூட்டுகளை முடக்கும் வாதம். பேஸ்பால் பைத்தியமும் கிடையாது. அவருக்கு இருந்தது காகிதப் பைத்தியம். சிகரெட் அட்டை, மிட்டாய் அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பரத் துண்டு என்று ஊர் குப்பையில் போடுவதை எல்லாம் சேர்த்தார். சேர்த்ததோடு விட்டிருந்தால் இன்னொரு பழைய பேப்பர் கிறுக்கர் என்று போயிருப்பார். அவர் பட்டியல் போட்டார். எந்தக் கம்பெனி, எந்தக் காலம், எந்த வரிசை என்று பிரித்து, 1939ல் அச்சிட்டு வெளியிட்டார். பின்னர் ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு 'டி'. அதில் 206 என்ற எண் விழுந்தது வாக்னர் இருந்த வரிசைக்கு.

பிறகு மூன்று லட்சத்துக்கும் மேலான தன் அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு இனாமாகக் கொடுத்தார். கொடுத்ததோடும் விடவில்லை. வருடக்கணக்கில் அங்கே ஒரு மேஜையில் உட்கார்ந்து, மடங்காத விரல்களால் ஒவ்வொன்றையும் ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்து, மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். மார்ச்சில் இறந்துபோனார். ரெம்பிராண்டின் செதுக்குச் சித்திரங்கள் இருக்கும் அதே கட்டடத்தில் சிகரெட் பெட்டி அட்டைகளும் இருக்கின்றன என்றால் காரணம் அவர்தான்.

அவர் போட்ட பட்டியலின் மேல் மற்றவர்கள் கட்டிய மாளிகையைப் பார்ப்போம். 1952ல் டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி பெரிய அளவில், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு பேஸ்பால் வரிசை போட்டது. வரிசையின் கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது ஆட்டப் பருவமே முடியப்போகிறது. பையன்கள் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவிவிட்டார்கள். பெட்டி பெட்டியாகத் தேங்கியது. எட்டு வருஷம் கிடங்கில் கிடந்தது. சும்மா கொடுத்தாலும் எடுக்க ஆளில்லை. கடைசியில் 1960ல், அந்த வரிசையை வடிவமைத்த ஸை பெர்கரே ஒரு தோணியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். இதை அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். கடலுக்குள் போன பெட்டிகளில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்ட்டில் அட்டைகளும் இருந்தன. தப்பித்து, கசங்காமல், மூலை மழுங்காமல் இருந்த ஒரு மேன்ட்டில் அட்டை 2022 ஆகஸ்டில் ஒரு கோடியே இருபத்தாறு லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் நம் பணத்துக்குச் சுமார் 100 கோடி ரூபாய். விற்றவர் அதை 1991ல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது 'ரூக்கி கார்டு' மேல். ஓர் ஆட்டக்காரர் புதுமுகமாக இருக்கும்போது வந்த முதல் அட்டை அது. பேர் எடுப்பதற்கு முந்திய முகம், யாரும் கண்டுகொள்ளாத முகம். அப்போதே எடுத்து வைத்தவனுக்குத்தான் கண் இருந்தது என்ற பெருமை. ஆனால் மேலே சொன்ன இரண்டுமே அந்தக் கணக்கில் சேராது. வாக்னர் 1897லிருந்தே பெரிய பந்தயங்களில் ஆடிக்கொண்டிருந்தவர். மேன்ட்டிலின் முதல் அட்டை 1951ல் பௌமன் கம்பெனி போட்டது. அது இதைவிட மலிவு. 'முதல்' என்பதற்கு மட்டும் விலை என்றால் இது நடக்கக் கூடாது. அழகான அட்டை, அள்ளிக் கொட்டிய கதை, ஒரு தலைமுறையின் பால்ய ஞாபகம் எல்லாம் சேர்ந்து 'முதல்' என்பதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டன.

ரூக்கி மோகம் தலைக்கேறியது பின்னால்தான். 1979ல் ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர் அட்டைகளுக்கு விலைப்பட்டியல் புத்தகம் கொண்டுவந்தார். பர்டிக் பெயர் கொடுத்தார். பெக்கெட் விலை கொடுத்தார். அதோடு பரணில் கிடந்த அட்டைப் பெட்டி சொத்தாகிவிட்டது. எண்பதுகளின் கடைசியில் கம்பெனிகள் லட்சோபலட்சமாக அச்சடித்தன. வாங்கியவர்கள் பிரிக்காமலே பெட்டியில் பூட்டினார்கள், பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும் என்று. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எதுவும் அரிதாகவில்லை. அந்தக் காலத்து அட்டைகளில் பெரும்பாலானவற்றை இன்று எடைக்குப் போடலாம். குப்பைக்குப் போனவை கோடியாயின. பூட்டி வைத்தவை குப்பையாயின.

சரி, நம் பக்கம் வருவோம். நம்மூர்ப் பையன்களிடமும் அட்டைச் சந்தை இருந்தது. அமெரிக்கப் பையனுக்குப் பெட்டிக்குள் இருந்த படம். நம் பையனுக்குப் பெட்டியே படம். காலி சிகரெட் பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்தால் ஒரு சீட்டு. தரையில் வட்டம் போட்டு நடுவில் சீட்டுகளை அடுக்கி, தட்டைக் கல்லை வீசி வெளியே தள்ளியவனுக்கு அது சொந்தம். எல்லாச் சீட்டும் ஒரே மதிப்பல்ல. தெருவெல்லாம் கிடக்கும் சார்மினாருக்கும் சிசர்ஸுக்கும் மலிவு விலை. கோல்டு ஃபிளேக் கொஞ்சம் கௌரவம். யாரோ வெளிநாட்டிலிருந்து வந்தவர் போட்டுவிட்டுப் போன பெட்டி கிடைத்தால் அவன் அன்றைக்குத் தெருவுக்கு ராஜா. எதில் எத்தனை கிடைக்கும் என்பதை வைத்து விலை போட எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை. விழுப்புரம், திருச்சி, கடலூர், சேலம் என்று நாலு பக்கமும் ரயில் பிரியும் விருத்தாசலம் ஜங்ஷனில் வளர்ந்த பையன்களுக்கு இந்த வியாபாரத்தில் தனிச் செல்வாக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

எண்பதுகளில் பிக் ஃபன் பபிள்கம் வந்தது. உள்ளே கிரிக்கெட் வீரர் படம்; கூடவே இத்தனை ரன், இத்தனை விக்கெட் என்று ஒரு கணக்கு. ரன் சேர்த்துக் கடையில் கொடுத்தால், வேகமாகப் புரட்டும்போது ஆட்டக்காரர் அசையும் குட்டிப் புத்தகம் பரிசு. கபில்தேவும் கவாஸ்கரும் ஆடிய காலத்துச் சீட்டுகள் அவை. பரிசுக்காகக் கொடுத்தது போக, மீதி மழையில் நனைந்தது, அம்மா பெருக்கித் தள்ளியது. அரிதாவதற்கு வேண்டியதெல்லாம் நடந்தது. ஆனால் எத்தனை வரிசை, எந்த வருஷம், யார் யார் படம் என்று முழுசாக எழுதிவைத்த ஒரு பர்டிக் நமக்கு வாய்க்கவில்லை. பழைய சீட்டு ஒன்று கையில் அகப்பட்டால் 'அட!' என்கிறோம். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எழுதிவைக்காத குறை சீட்டோடு நிற்கவில்லை. மேலே சொன்ன விருத்தாசலத்துக்கு ரயில் மட்டும் பெருமையல்ல. செராமிக் தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு கல்வி நிலையமும் இருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண்ணும் கிடக்கிறது. ஃப்யூஸ் கட்டையும் அகல் விளக்கும் செய்யும் ஊர் அது. ஆனாலும் வெளியூர்க்காரருக்கு விருத்தாசலம் என்றால் பொம்மைதான்.

பொம்மை பிறக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் ஒரு மூலப் பொம்மை. அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளாக அச்சு எடுப்பார்கள். துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, பாலாடைப் பதத்தில் இருக்கும் களிமண் கரைசலை உள்ளே ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, அச்சின் உள்சுவரை ஒட்டி மண் ஒரு தோலாகப் படியும். போதுமான கனம் ஏறியதும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். அதனால்தான் பொம்மை உள்ளே கூடு. கொஞ்சம் இறுகியதும் அச்சைப் பிரித்து, ஒட்டு தெரியும் கோட்டைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துக் காயவைத்து, மேற்பூச்சு கொடுத்துச் சூளைக்கு அனுப்புவார்கள்.

ஒவ்வொரு வார்ப்பிலும் பிளாஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். புது அச்சில் வந்த பிள்ளையாருக்குத் துதிக்கையின் மடிப்பு எண்ணலாம். அதே அச்சு பல பத்து வார்ப்பு கண்ட பிறகு மடிப்பு மழுங்கி, கண் இமை கரைந்து, விரல் நாலும் சேர்ந்து ஒன்றாகிவிடும். அதோடு அச்சைத் தூக்கிப் போட்டுப் புதிது எடுப்பார்கள். ஆக, முதல் வார்ப்புக்கும் கடைசி வார்ப்புக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய வித்தியாசம் உண்டு. பேஸ்பால் அட்டையில் 'முதல்' என்பது பெரும்பாலும் ஆட்டக்காரரின் வயதைப் பற்றிய சங்கதி. விருத்தாசலத்தில் அது பொருளிலேயே இருக்கிறது. அட்டைக்காரர்கள் மூலை கூர்மையா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். நம் பொம்மைக்கு மூக்கு கூர்மையா என்று பார்த்தாலே போதும்.

கடையிலோ இரண்டும் ஒரே விலை. வாங்குகிறவருக்கு எது எத்தனையாவது என்று தெரியாது. சாதாரணப் பொம்மையின் அடியில் வருஷமும் இல்லை, அச்சு எண்ணும் இல்லை, மூலத்தைச் செதுக்கிய கைக்குப் பெயரும் இல்லை. இத்தனைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பொம்மை சேர்க்கிற சாதி நாம். நவராத்திரி கொலுவுக்கு ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்று வைத்திருக்கும் வீடுகள் எத்தனை! பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த மரப்பாச்சியை மேல்படியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்வோம். அந்தக் கதை வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. பாட்டி போனால் பாதி போய்விடும்.

பொம்மைக்கு அடையாளம் போடச் செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. மண் ஈரமாக இருக்கும்போது அடியில் ஓர் ஆணியால் வருஷத்தையும் அச்சு எண்ணையும் கீறினால் சூளை அதை நிரந்தரமாக்கிவிடும். ஐரோப்பாவில் மைசென் பீங்கான் ஆலை 1720களிலிருந்தே அடியில் இரண்டு குறுக்கு வாள்களை நீலத்தில் வரைகிறது. பழம்பொருள் கடையில் முதலில் தலைகீழாகக் கவிழ்த்து அதைத்தான் தேடுகிறார்கள். அந்த முத்திரைக்கு மயங்கிப் போலிகளும் ஏராளம் வந்தன என்பது வேறு விஷயம். அட்டை உலகத்திலும் அதே கதைதான்: 1991ல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கிய வாக்னர் அட்டையின் ஓரத்தைச் சீவித்தான் கூர்மையாக்கினேன் என்று, அதை முன்பு விற்ற வியாபாரி 2013ல் ஒப்புக்கொண்டார். விலை என்று ஒன்று வந்தால் கத்தரிக்கோலும் கூடவே வரும்.

நம்மூரில் இப்படி எண்ணும் பெயரும் போட்டு, குப்பைக்குப் போக வேண்டிய காகிதத்தை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும்படி செய்த ஒரு தொழில் உண்டு. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் இருவரிடமிருந்து அது தொடங்குகிறது. சிவகாசி லேபிள்களைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)