கூட்டுவில் வல்ல ஜோதி சுரேகா

தில்லையை அடுத்த திருவேட்களத்தில் விசயன் தவங்கிடந்து பாசுபதம் பெற்றான் என்பது தலபுராணம். திருவதிகையில் இறைவன் மேருவை வில்லாக வளைத்து முப்புரம் எரித்தான் என்பர். இவ்விரு தலங்களையும் அணித்தே பெற்ற கடலூர்ப் பகுதியில் வாழும் நம் சங்கத்து அன்பர்க்கு வில் என்பது கேட்டுப் பழகிய சொல்லே. ஆயினும் கேட்டதோடு நின்றுவிட்டோம். அவ்விசயன் பெயரால் இந்திய அரசாங்கம் வழங்கும் அருச்சுன விருதினை 2017-ஆம் ஆண்டில் வில்லாண்மைக்கெனவே பெற்ற ஆந்திர நங்கை ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

வெண்ணம் ஜோதி சுரேகா என்பது அவர் பெயர். நம் முன்னோர் பெஜவாடா என வழங்கிய விசயவாடையில் 1996-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் பிறந்தார். நான்கு வயதிலேயே கிருஷ்ணையாற்றை நீந்திப் பெயர் பெற்ற அப்பிள்ளை, பின்னர் நீரை விடுத்து வில்லைப் பற்றியது.

பற்றிய வில்லோ, நம் ஓவியங்களிற் காணும் வில்லன்று, கூட்டுவில் எனப்படுவது. அமெரிக்க நாட்டு மிசௌரி மாநிலத்து ஆலன் என்பார் அதனை ஆக்கி, 1969-இல் உரிமைப் பட்டயம் பெற்றார். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையிற் பணிபுரியும் நம் அன்பர்கள் கப்பியுங் கயிறுங் கொண்டு பெரும்பாரம் தூக்குதலை அறிவராதலின், இதன் இயல்பு அவர்கட்கு எளிதின் விளங்கும். வில்லின் இருமுனையிலும் கப்பிகள் உள. அவற்றின் அச்சு நட்டநடுவில் அமையாது. பழைய வில்லில் நாணை இழுக்க இழுக்கப் பளு மிகும். இதிலோ முதலில் மிகுந்து, முழுதும் இழுத்தபின் பெரும்பகுதி குறைந்துவிடும். கை நடுங்காது குறி நோக்கலாம். உருப்பெருக்குக் கண்ணாடியும், நாணை விடுவிக்குங் கருவியும் உண்டு.

எய்வது கருவியே, ஆளன்று என்பாரும் உளர். யாம் உடன்படோம். எதிர்நிற்பார் கையிலும் அதே கருவி இருக்கின்றதன்றோ? 50 மீட்டருக்கு அப்பால் பத்து மதிப்பெண்ணுக்குரிய வட்டம் 8 சென்டிமீட்டர் அகலமே. 15 அம்புகளும் அதனுட் புக்கால் 150. ஓரம்பு ஒரு விரற்கடை பிறழ்ந்தாலும் பந்தயமே போய்விடும்.

இனி ஒன்று. 1972 முதல் ஒலிம்பிக்கில் வில்வித்தை இடையறாது நடந்துவரினும், அங்கே இடம்பெற்றது மற்றை வில்லே. கூட்டுவில்லார்க்கு வாயில் அடைத்தே கிடந்தது. 'ஒலிம்பிக் இல்லாத விளையாட்டால் பயன் என்?' என்று நம் இல்லங்களிற் பெற்றோர் வினவுவர், அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை ஏதும் கையில் இல்லாமலே அம்மையார் பல்லாண்டு எய்துகொண்டிருந்தார்.

2014-இல் இஞ்சியோன் ஆசியப் போட்டியில் குழுவோடு வெண்கலம்; 2018-இல் ஜகார்த்தாவில் வெள்ளி. 2021-இல் அமெரிக்காவின் யாங்டன் நகரத்து உலகப் போட்டியில் மூன்று பந்தயத்தும் இறுதிவரை சென்று மூன்றிலும் வெள்ளியே பெற்றார். தனிப்பந்தயத்தில் கொலம்பியா நாட்டுச் சாரா லோபசிடம் 144-க்கு 146 என இழந்தார். மும்முறை வாயில்வரை சென்று மீளுதல் எத்தகையோரையும் சோர்விக்கும்.

2023-இல் பெர்லினில் அதிதி சுவாமி, பர்ணீத் கௌர் ஆகிய இளையாரோடு குழுப்பொன் கொண்டார். வில்வித்தை உலகப் போட்டியில் இந்தியா பெற்ற முதற் பொன் அதுவே. அவ்வாண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் மூன்று பொன். ஓஜஸ் தேவ்தளேயோடு கூடிய இணைப்பந்தயத்தில் கொரியரை 159-158 எனவும், குழுப்பந்தயத்தில் சீனத் தைபே அணியினரை 230-229 எனவும் வென்றனர். இரண்டும் ஒரே ஒரு மதிப்பெண்ணால்! தனிப்பந்தயத்தில் 149-145.

2025 ஏப்ரலில் அவ்வடைத்த வாயில் சிறிது திறந்தது. 2028-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கூட்டுவில்லுக்கு ஆண் பெண் இணைப்பந்தயம் ஒன்று மட்டும் சேர்க்கப்பட்டது. அப்போது அம்மையார்க்கு வயது 32 ஆகும். ஒரு நாட்டிற்கு ஓர் இணையே இடம்பெறும். இளையாரோ நெருங்கி வருகின்றனர். 2025 அக்டோபரில் சீனத்து நான்சிங் நகரில் உலகக் கோப்பை இறுதியில், வெண்கலத்திற்கான ஆட்டத்தில் ஆங்கில நங்கை எல்லா கிப்சனுக்கு எதிராக அவர் எய்த 15 அம்புகளும் பத்தினுள்ளே புகுந்தன.