நேபாளம் ஏன் குலுங்குகிறது? நகரும் இந்தியத் தட்டுதான் காரணம்!

2015 ஏப்ரல் 25-ல் நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவிலான நிலநடுக்கத்தில் சுமார் 9,000 பேர் உயிரிழந்தனர். அங்கே பூமிக்கு அடியில் அப்படி என்னதான் நடக்குது?

கண்டங்களுக்கு அடியில் பூமியின் மேலோடு சராசரியாக 35 கி.மீ. தடிமன்தான். அதற்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை கவசம் எனும் அடுக்கு. பலர் நினைப்பதுபோல இது தீக்குழம்புக் கடல் இல்லீங்க, திடப் பாறைதான். ஆனால் கடும் வெப்பத்தில் மிக மெதுவாக நகரும். மேலோடும் கவசத்தின் உச்சிப் பகுதியும் சேர்ந்ததுதான் தட்டு.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு யூரேசியத் தட்டோடு மோதியதில் எழுந்ததே இமயமலை. மோதல் இன்னும் ஓயலை. ஆண்டுக்கு சுமார் 2 செ.மீ. வீதம் இமயமலைக்கு அடியில் நெருக்கிக்கொண்டே இருக்கிறது. பாறைகள் சிக்கிக்கொண்டால் அழுத்தம் சேரும். தாங்க முடியாமல் சட்டென நழுவினால் நிலநடுக்கம்.

மேற்கு நேபாளத்தில் 1505-க்குப் பிறகு மாபெரும் நிலநடுக்கம் எதுவும் இல்லை. 500 ஆண்டுகளாகச் சேர்ந்துவரும் அந்த அழுத்தம்தான் விஞ்ஞானிகளின் கவலை.