பொதுப்பணமும் பொதுநீரும்

நம் சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலிருந்தோ கோயில் வாயிலிலிருந்தோ தொடங்குவர். கிணற்றங்கரையிலிருந்து தொடங்குவோர் மிகச் சிலரே. ஆயினும், விடியுமுன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புறப்பட்ட நம் தாய்மார்களுக்குத் தீண்டாமை முதன்முதலில் ஒரு கயிறாகவும் வாளியாகவுமே அறிமுகமாயிற்று. அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது. எட்ட நின்று, யாரேனும் மனமிரங்கி இறைத்து ஊற்றும் வரையில் காத்திருக்க வேண்டும். ஊர்ப்பொதுக் கிணறு என்று பெயர். ஆனால் அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி அடங்கவில்லை. கிணற்றை வெட்டியவர்களில் நம்மவர் இருந்திருப்பர். தூர் வாரியவர்களும் நம்மவரே. தண்ணீர் ஊறிய பிறகு கரையேற மட்டும் அவர்களுக்கு அனுமதி இல்லை.

இந்நிலை எவ்வாறு மாறத் தொடங்கிற்று என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அது எவருடைய மனமாற்றத்தாலும் தொடங்கவில்லை. 'பொதுப்பணம்' என்ற ஒரு சொல்லைக் கொண்டு நம் முன்னோர் அதனைத் தொடங்கி வைத்தனர்.

1923ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், பம்பாய்ச் சட்டசபையில் எஸ்.கே. போலே என்னும் உறுப்பினர் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அரசாங்கப் பணத்தால் கட்டப்பட்டு அப்பணத்தாலேயே பராமரிக்கப்படும் கிணறுகள், நீர்நிலைகள், சத்திரங்கள், பள்ளிகள், மருந்தகங்கள் ஆகிய அனைத்தும் தீண்டப்படாதாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதனை ஏற்று மகாட் நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924இல் அறிவித்தது. காகிதத்தில் திறந்த குளம் நேரில் திறக்கவில்லை. ஆகவேதான் 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் பல்லாயிரம் மக்களுடன் நடந்து சென்று அந்நீரைக் கையால் அள்ளிப் பருகினார்கள். பின்பு எதிர்த்தரப்பினர், குளம் தங்களுக்குத் தனியுரிமையானது என்று வழக்காடினர். பம்பாய் உயர்நீதிமன்றம் 1937 மார்ச்சில் அண்ணலின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு கை நீருக்காகப் பத்தாண்டுக் காலம் வழக்கு நடந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் சென்னை மாகாணமும் பின்தங்கியிருக்கவில்லை. தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் முன்மொழிந்து, பொதுத்தெரு, பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றில் எவ்வகுப்பினரும் செல்வதற்குத் தடையில்லை என்பதைச் சபையின் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 25ஆம் நாளிட்ட 2660ஆம் எண் அரசாணையாக அது வெளிவந்தது. தடுப்போருக்குத் தண்டனை இல்லாத ஆணை பல் இல்லாத வாய் போன்றது என்பதை உணர்ந்து, சட்டசபை உறுப்பினர் ஆர். வீரையன் அவர்கள் உள்ளாட்சிச் சட்டங்களில் திருத்தம் வேண்டிப் போராடினார்கள். பெருந்தலைவர் எம்.சி. ராசா அவர்கள் கொணர்ந்த 1938ஆம் ஆண்டின் குடியுரிமைத் தடை நீக்கச் சட்டம், பொதுப்பணத்தில் நடக்கும் கிணறு, சாலை முதலியவற்றில் பாகுபாடு காட்டுவதைக் குற்றமாக்கியது. இறுதியில் நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவில், முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ அரசின் நிதியால் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் எவருக்கும் தடை கூடாது என்ற வாசகம் இடம்பெற்றது. போலே தீர்மானத்தின் கருத்து அப்படியே அங்கு வந்து அமர்ந்திருப்பதைக் காணலாம்.

'வரி கட்டுகிறவன் நான், நீ என்ன கட்டுகிறாய்?' என்று நம்மை நோக்கிக் கேட்பவர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் வருவாயில் கள், சாராயத் தீர்வைக்குப் பெரும் பங்கு இருந்தது. கூலிக்காரனின் சட்டைப்பையிலிருந்து போன காசு அது. (1937இல் மதுவிலக்கு முதன்முதலாக நம் பழைய சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதும் நினைவிற்குரியது.) உப்புக்கும் வரி கட்டினோம். இன்று சோப்புக் கட்டிக்கும் தீப்பெட்டிக்கும் கட்டுகிறோம். நிலம் இல்லாததால் நிலவரி கட்டவில்லையே தவிர, கருவூலத்தில் நம் பங்கு இல்லாத நாள் இருந்ததே இல்லை.

இனி, நம் பகுதிக்கு வருவோம். கடத்தூரும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் 1965 அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டமாகும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. வானம் பார்த்த பூமி. மண்ணுக்கு அடியில் கடும்பாறை. ஆறு ஓடும் ஊர்களில் கிணறு மறுக்கப்பட்டவன் ஆற்றுக்கேனும் போகலாம். இங்கோ கிணற்றை விட்டால் ஓடையில் ஊற்றுத் தோண்ட வேண்டியதுதான்.

1920ஆம் ஆண்டையொட்டிச் சென்னை அரசாங்கம் 'லேபர் இலாகா' என்று மக்கள் அழைத்த துறையைத் தோற்றுவித்தது. ஒடுக்கப்பட்டோருக்கு மனைப்பட்டா, பள்ளி, கிணறு ஆகியவற்றை அளிப்பது அதன் பணி. அவ்விலாகா வெட்டிய தனிக்கிணறுகளை நம் பெரியோர்கள் வரவேற்றனர். வரவேற்றதில் தவறில்லை, தாகம் தத்துவத்திற்குக் காத்திராது. ஆயினும் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. பொதுக்கிணறு எல்லார்க்கும் உரியது என்று ஒரு கையால் ஆணை எழுதிய அரசாங்கம், மறு கையால் சேரிக்குத் தனிக்கிணறு வெட்டித் தந்தது. 'உங்களுக்குத்தான் தனியே கிணறு இருக்கிறதே, இங்கே ஏன் வருகிறீர்கள்?' என்ற கேள்விக்கு அதுவே இடமளித்துவிட்டது. உரிமைக்காக ஒதுக்கப்பட வேண்டிய பணம் ஒதுக்கி வைப்பதற்கே பயன்பட்டது என்பது என் கருத்து. மாறுபடுவோரும் இருப்பர்.

அந்தத் தனிக்கிணற்றின் பேரப்பிள்ளைதான் அடிபம்பு. 1967ஐ ஒட்டிய வறட்சிக்குப் பின், பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் ஐ.நா. குழந்தைகள் நிதியத்தின் உதவியால் நாட்டுக்குள் வந்தன. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. 1972–73இல் மத்திய அரசு ஊரகக் குடிநீருக்கெனத் தனி நிதியளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. காலனிக்குக் காலனி ஆழ்துளைக் கிணறும் அடிபம்பும் வந்தன. கயிற்றுக்கும் வாளிக்கும் காத்திருந்த காலம் போய்விட்டது. நம் தாய்மார்கள் பட்ட மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் அப்பாறைக்குள் வேறொன்று இருந்தது. நம் நிலத்தடியிலுள்ள கருங்கல்லிலும் பட்டைப்பாறையிலும் புளோரைடு அடங்கிய தாதுக்கள் உள்ளன. ஆழத்தில் நெடுங்காலம் தேங்கி நிற்கும் நீர் அவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. மேல்மட்டக் கிணற்று நீரைவிட ஆழத்து நீரில் இது பெரும்பாலும் கூடுதலாகும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தர நிறுவனம் 1 மில்லிகிராமுக்குள் இருப்பதையே ஏற்கத்தக்கது என்கிறது. தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் இவ்வரம்பு மீறப்பட்டது. விளைவு யாது? பால்பற்கள் விழுந்து முளைக்கும் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள். நீண்ட காலம் பருகியோருக்கு முதுகும் மூட்டும் இறுகிக் குனிய முடியாத நிலை. எலும்பில் படிந்துவிட்டதை மீட்டெடுக்க மருந்து இல்லை. காய்ச்சினால் போகும் என்று நம்பிக் காய்ச்சுவோர் உளர். காய்ச்சினால் நீர் வற்றுமேயன்றிப் புளோரைடு போகாது, அதன் செறிவு கூடவே செய்யும்.

இந்நோய் எல்லாரையும் ஒருபடித்தாகத் தாக்குவதில்லை. வெயிலில் நாளெல்லாம் உழைப்பவன் அதிக நீர் பருகுகிறான். ஆகவே அதிக நஞ்சையும் பருகுகிறான். பாலும் காய்கனியும் உண்ணும் உடம்பு ஓரளவு தாங்கும். கூழும் களியும் மட்டும் உண்ணும் உடம்பு தாங்காது. காசுள்ளவன் வேறு தண்ணீர் வாங்கிக்கொள்வான். பாறை சாதி பார்க்கவில்லை என்றாலும், இந்தக் கணக்குகளெல்லாம் கூடி, பாரம் எவர் தலையில் இறங்குமோ அவர் தலையிலேயே இறங்கியது. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துத் திரும்பிய கதைகள் இம்மாவட்டத்துக்குப் புதியவை அல்ல.

இது அறியப்படாத நோயும் அன்று. 1937ஆம் ஆண்டிலேயே, அன்று நம் மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி முதலிய அறிஞர்கள் இதனை ஆராய்ந்து மருத்துவ ஏடுகளில் எழுதினர். மகாட் தீர்ப்பு வந்த அதே ஆண்டு என்பது தற்செயல்தான். ஆனால் தண்ணீரைத் தொடும் உரிமையும், தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்ற அறிவும் ஒரே ஆண்டில் கிட்டியிருந்தும், இரண்டாவது அறிவு நம் காலனி அடிபம்பை வந்தடைய நெடுங்காலமாயிற்று. பாறையைத் துளைக்கப் பணம் ஒதுக்கியவர்கள், துளைத்த நீரைச் சோதிக்க அதே அளவு அக்கறையுடன் ஒதுக்கவில்லை. எத்தனை பம்பு போட்டோம் என்று எண்ணிக் காட்டுவது எளிது. எத்தனை பம்பு நல்ல நீர் தருகிறது என்று காட்டுவது அத்தனை எளிதன்று.

படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுப் புளோரைடை நீக்கும் நல்கொண்டா முறையை நாகபுரி ஆய்வு நிறுவனம் 1970களில் வகுத்தது. நல்ல முறைதான். ஆனால் நாள்தோறும் அளந்து இடவும், கசடை அகற்றவும் ஆள் வேண்டும். கருவி வாங்கப் பணம் தருவோர் ஆளுக்குப் பணம் தருவதில்லை என்பது நம் நாட்டுத் திட்டங்களின் பழைய நோய். ஆகவே வெளியிலிருந்து நல்ல நீரைக் கொணர்வதே வழி என்ற முடிவு வலுப்பெற்றது.

அவ்வழியே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம். இதற்கெனக் காவிரியில் 1.4 டி.எம்.சி. நீரை எடுக்க 1998இல் மத்திய அரசின் இசைவு கிட்டிற்று. 2008 பிப்ரவரி 26ஆம் நாள் முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அப்போது மதிப்பீடு 1,334 கோடி ரூபாய். ஜப்பான் நாட்டு வங்கியின் கடனுதவி பெறப்பட்டது. அண்டை மாநிலத்தில் எதிர்ப்பு எழுந்து, சிறிது காலம் பணி நிறுத்தி வைக்கப்பட்டது. 2013 மே மாதம் முதலமைச்சர் செல்வி ஜெ. ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தபோது செலவு 1,928.80 கோடி ரூபாயாகியிருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஒசூர் ஆகிய நகரங்களும், கடத்தூர் உள்ளிட்ட 17 பேரூர்களும், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகளும் இதில் அடங்கின. கடன் என்பதால் அது யாரோ கொடுத்த தானம் என்று எண்ணிவிடலாகாது. திருப்பிச் செலுத்துவது அரசாங்கம். அரசாங்கத்திற்குச் செலுத்துவது நாம்.

திட்டம் பலனளித்தது என்பதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் குழாயின் வரலாறு கிணற்றின் வரலாற்றிலிருந்து முற்றிலும் விடுபட்டுவிடவில்லை. பல மைல் மேடேறி வரும் குழாயில் முதலில் இருப்பவனுக்கு முதல் நீர். கடைக்கோடியில் இருப்பவனுக்கு எஞ்சிய நீர். நம் குடியிருப்புகள் எந்தக் கோடியில் அமைந்துள்ளன என்பதை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாவது, காவிரி நீர் போதாத இடங்களில் மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர் ஆழ்துளை நீரையும் கலந்து விடும் வழக்கம் இம்மாவட்டத்தில் உண்டு என்று செய்தித்தாள்கள் பலமுறை எழுதியுள்ளன. கலந்தால் புளோரைடும் கூடவே வந்துவிடும். திட்டத்தின் பெயரில் உள்ள 'தணிப்பு' என்ற சொல் பொருளற்றுப் போகும். மூன்றாவது, தொட்டியே தனித்தனியாக இருப்பது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் நீர் பருகிய தொட்டியில் மலம் கலந்திருந்தது நாட்டையே அதிரச் செய்தது. ஒரு சிற்றூரில் நம்மவர்க்கென ஒரு தொட்டி ஏன் தனியே நின்றது என்ற கேள்வி, லேபர் இலாகாவின் தனிக்கிணற்றோடு பிறந்த கேள்வியேயாகும்.

இளைஞர்கள் இப்போது செய்யக்கூடியது என்ன? ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22ஆம் நாளாகிய உலக நீர் நாளும் ஒன்றாகியுள்ளது. (மகாட் நாளுக்கு இரண்டு நாள் தள்ளி வருகிறது.) கடத்தூர் பேரூராட்சி, அங்கு வார்டு உறுப்பினரிடமே கேட்க வேண்டும். சுற்றியுள்ள ஊராட்சிகளில் சபையிலேயே கேட்கலாம். 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் வீட்டிலேயே கிடைக்க வேண்டும். நீரின் தரம் கெட்ட ஊர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மிகுந்த ஊர்களுக்கும் முன்னுரிமை உண்டு. ஊர்ப்பங்கு பத்து விழுக்காடு என்றிருக்க, நம் மக்கள் பாதிக்கு மேல் வாழும் ஊர்களில் அது ஐந்து விழுக்காடே. இதனை அறியாமல் முழுப்பங்கும் கட்டும் ஊர் இருக்கலாகாது. தமிழ்நாட்டில் 2024இல் இயற்றப்பட்ட பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டமும், நம் மக்கள்தொகைக்கேற்ற நிதியை ஒதுக்கக் கடமைப்படுத்துகிறது. அந்த ஒதுக்கீட்டில் நம் காலனிக் குழாய்க்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் எழுதிக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் நீரைச் சோதித்துக்கொள்வது நலம். புளோரைடு அறியும் எளிய சோதனைப் பெட்டி உண்டு. சிறிதளவு நீரில் மருந்துத் துளிகளை இட்டால், புளோரைடு குறைவாயிருப்பின் இளஞ்சிவப்பாக நிற்கும். கூடக் கூட மஞ்சளாக வெளிறும். எட்டாம் வகுப்பு மாணவன் செய்யத்தக்க சோதனை இது. காலையில் காவிரி நீர் வரும் வேளையில் ஒரு குப்பியும், மாலையில் கலப்பு நீர் வரும் வேளையில் ஒரு குப்பியும் எடுத்து, தெருப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, குடிநீர் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கும் ஒரு பகுதியை அனுப்பி, வரும் எண்களை ஒரு குறிப்பேட்டில் பதிந்து வர வேண்டும். ஊர்த்தெருக் குழாயிலும் காலனிக் குழாயிலும் ஒரே நாளில் எடுத்த நீராக அவை இருக்கட்டும்.