வடசென்னையில் தொட்டி இறால் வளர்ப்பு: ஒரு வரலாற்றுப் பார்வை

நன்னீர் இறால்களைச் சிறு மீன்கள், நத்தைகள், நீர்ச்செடிகள் ஆகியவற்றோடு ஒரே கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு பொழுதுபோக்கு. இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளிலும் இதற்கு ஆர்வலர்கள் உண்டு. இறால் இப்பகுதிக்குப் புதியதன்று. அதை உணவாகவும் தொழிலாகவும் அறிந்த மக்கள் வாழும் இடம் இது. எனவே, இங்கு தொட்டி இறாலின் வரலாற்றை மீன்காட்சியகம், வண்ணமீன் வணிகம், குடிநீர், கழிமுகம் ஆகியவற்றின் வரலாறுகளோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இறால் அறிந்த ஊர்

கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் இடம் எண்ணூர்க் கழிமுகம். ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் இங்கே கலப்பதால் இறால் குஞ்சுகள் வளர ஏற்ற சூழல் அமைகிறது. கடலில் முட்டையிலிருந்து வெளிவரும் வெள்ளை இறால் போன்ற இனங்களின் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து, சில காலம் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த இறாலை நம்பி வாழ்ந்தவர்கள். வலை இல்லாமல், இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் வழக்கமும் இங்கு உண்டு.

காசிமேட்டுச் சந்தையில் பெரிய இறாலும் விற்கும், காயவைத்த சென்னாக்கூனியும் விற்கும். சென்னாக்கூனி என்பது கடலில் கூட்டமாகத் திரியும் மிகச் சிறிய இறால் வகை. தொட்டியில் வளர்க்கப்படும் செவ்விறாலும் ஏறத்தாழ அதே அளவுதான். ஒன்று குழம்புக்குப் போகிறது, மற்றொன்று கண்ணாடிக்குள் வாழ்கிறது.

கண்ணாடித் தொட்டியின் வருகை

தொட்டிக்குள் பல உயிர்களைச் சேர்த்து வளர்க்கலாம் என்பதை முறையாகச் சோதித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன். 1849ஆம் ஆண்டில் அவர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடி மீனுக்கு வேண்டிய உயிர்வளியைத் தந்தது. ஆனால், அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. பிறகு அவர் குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன, நீர் தெளிந்தது. இன்றைய தொட்டிகளில் இறால் செய்யும் வேலையும் இதுவே. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது.

சென்னையில் இந்த முயற்சி அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்தது. 1907இல் சென்னை மாகாணத்தில் சர் பிரெடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்வளத்துறைப் பணிகள் தொடங்கின. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் மெரினா கடற்கரையில் கடல்வாழ் உயிர்க் காட்சியகம் கட்டப்பட்டு, 1909இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவின் தொடக்ககால மீன்காட்சியகங்களில் இது முதன்மையானது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், ஜப்பானியத் தாக்குதல் குறித்த அச்சத்தால் அது மூடப்பட்டது.

மூர் மார்க்கெட்டும் கொளத்தூரும்

அரசு காட்சியகம் மூடப்பட்டாலும் மீன் வளர்க்கும் ஆசை மக்களிடம் வளர்ந்தது. 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களோடு பறவைகளும் செல்லப் பிராணிகளும் விற்கப்பட்டன. 1985 மே மாதம் நடந்த தீ விபத்தில் அந்தக் கட்டடம் அழிந்தது.

இராயபுரத்துக்கு மேற்கே உள்ள கொளத்தூர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்ணமீன் தொழிலின் மையமாக உருவானது. ஏரிகளும் கிணறுகளும் இருந்த புறநகராக அது இருந்ததே இதற்குக் காரணம். வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, தங்கமீன், சண்டைமீன் முதலியவற்றைக் குடும்பம் குடும்பமாக இனப்பெருக்கம் செய்தனர். மீன்குஞ்சுகளுக்கு உணவாக டியூபிபெக்ஸ் எனப்படும் செம்புழுக்கள் நகரின் கழிவுநீர்க் கால்வாய்ச் சேற்றிலிருந்து சேகரிக்கப்பட்டன. நகரம் பெருகி நிலமும் நீரும் அரிதானபோது பண்ணைகள் செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் நகர்ந்தன. விற்பனை கொளத்தூரிலேயே நிலைத்தது.

2017 மே மாதம் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன்தொட்டிக் கடைகளுக்கான கடுமையான விதிகளை அறிவித்தது. விலங்குவதையைத் தடுப்பது அதன் நோக்கம். தொழில் அழிந்துவிடும் என்று கொளத்தூர் வணிகர்கள் எதிர்த்தனர். நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் எதிர்ப்பு எழ, அவ்விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன.

இறால் தொட்டிக்குள் வந்த கதை

இறாலை அழகுக்காக வளர்க்கும் வழக்கம் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் பரவியது. ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் தகாஷி அமானோ, 1980களில் தமது நீர்ச்செடித் தொட்டிகளில் பாசியைக் கட்டுப்படுத்த ஓர் இறால் இனத்தைப் பயன்படுத்தினார். அது இன்று அவர் பெயராலேயே அமானோ இறால் எனப்படுகிறது. தைவானில், நியோகாரிடினா டேவிடி என்னும் சாதாரணப் பழுப்பு நிற இறாலிலிருந்து செந்நிறக் குட்டிகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிச் செவ்விறால் உருவாக்கப்பட்டது. கடைகளில் இதற்குச் செர்ரி இறால் என்று பெயர். மஞ்சள், நீலம், ஆரஞ்சு என இதன் பல நிற வகைகள் வந்துவிட்டன.

இவ்விரு இறால்களுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இரண்டின் பெண் இறாலும் முட்டைகளை வயிற்றின் அடியில் சுமக்கும். செர்ரி இறாலின் முட்டையிலிருந்து முழு உருவம் கொண்ட சிறு இறாலே வெளிவரும். ஆகவே, வீட்டுத் தொட்டியிலேயே அது பெருகும். அமானோ இறாலின் இளம் உயிரிகளோ உவர்நீர் இல்லாமல் வளரா. உணவுக்காக வளர்க்கப்படும் பெரிய நன்னீர் இறாலான மாக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கியும் இத்தகையதே. அதன் இளம் உயிரிகள் வாழ உப்பு கலந்த நீர் தேவை என்பதை 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் ஷாவோ வென் லிங் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். அதன் பிறகே உலகில் நன்னீர் இறால் பண்ணைகள் பெருகின. ஆற்றில் வாழும் பல இறால்களுக்குக் கழிமுகமே தொட்டில் என்பதை இக்கண்டுபிடிப்பு உணர்த்தியது.

ஒரே தொட்டியில் யார் யார்

பல உயிர்கள் சேர்ந்து வாழும் தொட்டியில் இறாலின் நிலை எளிய விதி ஒன்றால் தீர்மானிக்கப்படுகிறது: வாயில் அடங்கும் இறாலை மீன் தின்னும். செர்ரி இறால் 2 முதல் 3 செ.மீ. நீளமே வளரும். ஏஞ்சல் மீன், சிச்லிட் வகைகள், தங்கமீன் ஆகியவற்றோடு அதை விடக்கூடாது. கப்பி, நியான் டெட்ரா போன்ற சிறு மீன்கள் வளர்ந்த இறாலை விட்டுவிடும். ஆனால் இறால் குஞ்சுகளைத் தேடித் தின்னும். நத்தைகளும், பாசி தின்னும் ஓட்டோசிங்கிளஸ் என்னும் சிறு கெளுத்தியும் இறாலுக்குத் தீங்கு செய்யா. நண்டுகளும், இடுக்கி நீண்ட மாக்ரோபிராக்கியம் இறால்களும் சிற்றிறாலை வேட்டையாடும்.

குஞ்சுகள் பிழைக்க வேண்டுமானால் ஒளிய இடம் வேண்டும். ஜாவா பாசியும் வேலம்பாசியும் அதற்கு உதவும். சென்னைத் தெருக்களில் நிழலுக்காக நிற்கும் நாட்டுவாதுமை மரத்தின் காய்ந்த இலையையும் வளர்ப்போர் தொட்டியில் இடுகின்றனர். இலை மெல்ல மட்கும்போது அதன்மேல் படரும் நுண்ணுயிர்ப் படலம் இறாலுக்கு உணவாகிறது.

இறால் வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓட்டைப் பெறும். அந்த நேரத்தில் அதன் உடல் மென்மையாக இருக்கும். நீரின் தன்மை திடீரென மாறினால் ஓடு கழற்ற முடியாமல் இறந்துவிடும். எனவே, ஒரே முறையில் நிறைய நீர் மாற்றுவதைவிடச் சிறிது சிறிதாக மாற்றுவதே நல்லது.

வடசென்னைத் தண்ணீர்

இப்பகுதியில் இறால் வளர்ப்போரின் முதல் சிக்கல் தண்ணீர்தான். மீஞ்சூர்ப் பகுதியின் கிணறுகளிலிருந்து நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் பெருமளவில் நீர் எடுக்கப்பட்டதால், 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்து வந்தது. கடலோர ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினமாகவும் உப்பாகவும் உள்ளது. 2010இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் செயல்படத் தொடங்கியது. குழாய்நீரில் குளோரின் இருக்கும். அதை நீக்காமல் தொட்டியில் ஊற்றினால் இறால் தாங்காது.

இரண்டாவது சிக்கல் வெப்பம். செர்ரி இறாலுக்கு 20 முதல் 28 பாகை செல்சியசு ஏற்றது. மே மாதத்தில் சென்னை வீடுகளில் தொட்டி நீர் இதைத் தாண்டிவிடும். நீர் சூடேறும்போது அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும்.

மூன்றாவது, கொசுமருந்து. கொசுவிரட்டிகளிலும் புகைமருந்திலும் உள்ள பைரித்ராய்டு வகை வேதிப்பொருள் மனிதருக்குக் குறைந்த தீங்கே செய்யும். இறால் போன்ற ஓட்டுடலிகளுக்கோ அது கொடிய நஞ்சு. மீன்நோய்க்கு இடும் தாமிரம் கலந்த மருந்தும் இத்தகையதே. மீன் பிழைத்துவிடும், அதே தொட்டியில் உள்ள இறாலும் நத்தையும் இறந்துவிடும்.

தொட்டிக்கு வெளியே

சலிப்பு வந்தபின் தொட்டி உயிர்களைக் குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கொல்ல மனமில்லாத இரக்கமே இதற்குக் காரணம். விளைவு மட்டும் இரக்கமற்றது. தொட்டியின் கண்ணாடியைத் துடைக்க வாங்கப்பட்ட தென் அமெரிக்கச் சக்கர் மீன் இன்று தமிழக நீர்நிலைகளில் பெருகி வலைகளைக் கிழிக்கிறது. ஜெர்மனியில் அனல்மின் நிலையத்தின் வெந்நீர் கலக்கும் கில்பாக் என்னும் ஓடையில், யாரோ விட்ட செர்ரி இறால்கள் நிலைத்துப் பெருகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். குளிர்நாட்டிலேயே அவ்வாறெனில், ஆண்டு முழுதும் வெதுவெதுப்பான சென்னைக் குளங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

செர்ரி இறால் உவர்நீரில் பெருகாது. ஆகவே, அது எண்ணூர்க் கழிமுகத்தை நேரடியாகக் கைப்பற்றப் போவதில்லை. ஆனால், நோய்க்கு அந்த எல்லை இல்லை. 1990களின் நடுவில் இந்திய இறால் பண்ணைகளை அழித்த வெள்ளைப்புள்ளி நச்சுயிரி, கடல் இறால், நன்னீர் இறால், நண்டு எனப் பல ஓட்டுடலிகளையும் தாக்கக்கூடியது. வில்லிவாக்கம், பெரம்பூர் வழியே ஓடும் ஓட்டேரி நல்லாவின் நீர் பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. அக்கால்வாயின் வடபகுதி, 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே காக்ரேன் கால்வாயாக வெட்டப்பட்டது. வீட்டுத் தொட்டி நீரும் மீனவரின் வலையும் ஒரே நீர்வழியில்தான் இருக்கின்றன.

அந்தக் கழிமுகம் ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்குகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் அதன் ஆழத்தைக் குறைத்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய்க் கழிவு கால்வாய் வழியே உள்ளே புகுந்தது. மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் அயல்நாட்டுச் சிப்பியினம் ஆற்றின் அடித்தரையைப் பாய்போல் மூடி, இறால் மேயும் இடத்தைப் பறித்துள்ளது. அயல் உயிரி ஒன்று நிலைத்துவிட்டால் அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு வடசென்னை மக்கள் வேறு சான்று தேட வேண்டியதில்லை.

தொட்டி இறால் வளர்ப்பு தவறான பொழுதுபோக்கு அன்று. நீரின் தன்மை, உணவுச் சங்கிலி, உயிரினச் சார்பு ஆகியவற்றை ஒரு மாணவர் தம் வீட்டிலேயே கண்டு கற்க இதைவிட எளிய வழி இல்லை. வேண்டாத உயிர்களைக் கடைக்கோ வேறு ஆர்வலருக்கோ கொடுத்துவிடலாம். கழிவுநீரைக் கால்வாயில் ஊற்றாமல் செடிகளுக்கு ஊற்றலாம். காட்டுக்குப்பத்துப் படகுகள் நாளையும் இறால் தேடிக் கழிமுகத்துக்குத்தான் போக வேண்டும். இறால் வளர்க்கும் ஒவ்வொருவரும் அதை நினைவில் வைத்தால் போதும்.