ஒரு பெட்டி, இரு வாசல்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைப் பற்றி அரசியல் நோக்கில் எழுதப்பட்டவை ஏராளம். அப்பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள் குடியிருந்ததைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஒரே வன்தட்டைக் கூறுபோட்டு, ஒரு பகுதியில் விண்டோஸையும் மறு பகுதியில் பாஸ் லினக்ஸையும் நிறுவியிருந்தனர்.

இந்த இரண்டாவது குடி திடீரென வந்ததன்று. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, பல நாடுகளில் சிதறியிருந்த தமிழ் ஆர்வலர்கள் ஊதியம் கருதாது லினக்ஸின் திரைச்சொற்களைத் தமிழாக்கத் தொடங்கினர். பின்னர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2007-இல், டெபியனை அடியொற்றிச் சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் வெளிவந்தது. தமிழிலேயே பட்டிகளைக் காட்டவல்ல தளம் மாணவர் மடிக்கு வந்தது இவ்வழியில்தான். இதனை மொழி வரலாற்றின் ஒரு நிகழ்வாகவே நாம் கொள்கிறோம்.

ஆனால் வாசல் இருந்தால் மட்டும் போதுமா? கணினி விழித்தெழும்போது 'கிரப்' எனும் சிறு நிரல் இரு பெயர்களையும் காட்டிச் சில நொடிகள் காத்திருக்கும். விசையைத் தொடாவிடில், முன்னரே குறித்துவைத்த தளம் தானே எழும். அக்காலப் பயாஸ் கணினிகளில் விண்டோஸை மீண்டும் நிறுவினால், அது வன்தட்டின் தொடக்கப் பதிவை மேலெழுதிவிடும். கிரப் மறையும்; லினக்ஸ் தட்டிலேயே கிடந்தாலும் அதற்குச் செல்லும் வழி அடைபடும். மீட்கும் வழி எளிது. நேரடி வட்டிலிருந்து கணினியை எழுப்பிக் கிரப்பை மறுபடி நிறுவினால் போதும். அதைச் சொல்லித்தருவார் வேண்டுமே!

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள திமிரியிலும், தோல் தொழிலை நம்பிய சுற்றூர்களிலும், பல வீடுகளுக்கு இதுவே முதற்கணினி. பழுதானால் ஆற்காட்டுக் கடை. அங்கே கிடைப்பது விண்டோஸ் மட்டுமே. நம்மிடம் பயில வந்த மாணவர் பலரின் கணினிகளில் தமிழ் வாசல் இப்படித்தான் அடைபட்டிருந்தது. திறந்தே பார்க்காத ஒன்றை இழந்ததாக அவர்கள் எண்ணவும் இல்லை.

2018-இல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோஸையும் உபுண்டுவையும் ஒரே இயலில் வைத்தது. 2011-இல் பெட்டி பெற்ற பிள்ளைகள் அதற்குள் படிப்பை முடித்து வேலைக்குச் சென்றிருந்தனர்.