ஏரிகள் காத்த வடகடலோரம்

பழவேற்காட்டிலிருந்து மரக்காணம் வரை நீளும் தமிழகத்தின் வடகடலோரம், தன் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெறுகிறது. அந்த மூன்று மாதங்களிலும் மழை சீராகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலமோ புயலோ கரையை நெருங்கினால், ஒரு மாத மழை ஒரே இரவில் கொட்டிவிடும். நிலமோ தட்டையானது. கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு மூன்றுக்கும் கடலை நோக்கிய சரிவு மிகக் குறைவு. புயல் வேளையில் கடலும் கொந்தளித்து உயர்ந்தால், ஆற்றுநீர் முகத்துவாரத்தைத் தாண்ட முடியாமல் ஊருக்குள் புரளும்.

இந்த நிலத்தில் குடியேறியவர்கள் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் சேர்த்துக் கண்ட வழி ஏரி. பல்லவர் காலம் முதல் தொண்டை மண்டலம் முழுவதும் ஏரிகள் வெட்டப்பட்டன. மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், தென்னேரி, மதுராந்தகம், செம்பரம்பாக்கம் போன்றவை அவற்றில் பெரியவை. ஒன்றிணைந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன. இவை தனித்தனிக் குளங்கள் அல்ல. மேட்டு ஏரி நிரம்பியதும் அதன் கலங்கல் வழியே வழியும் உபரிநீர், கால்வாயில் இறங்கி அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகும். கடைசி ஏரியும் நிரம்பிய பிறகே மிச்சநீர் ஆற்றுக்கோ கழிமுகத்துக்கோ சேரும். மழையின் வேகம் ஒவ்வொரு கரையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. வெள்ளத்தடுப்பு என்று யாரும் பெயர் சூட்டாத இந்த ஏற்பாடுதான் இப்பகுதி கண்ட மிகச் சிறந்த வெள்ளத்தடுப்பு.

ஏரி வெட்டுவதைவிட அதைக் காப்பது பெரிய வேலை. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலையால் தேர்ந்த ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்கின்றன. பராமரிப்புச் செலவுக்கென ஏரிப்பட்டி என்ற நிலம் ஒதுக்கப்பட்டது. வண்டல் வாரவும் கரை உயர்த்தவும் குடிமராமத்து என்ற பெயரில் ஊரே இறங்கி உழைத்தது. கரை உடைவது எத்தகைய அச்சமாக இருந்தது என்பதை மதுராந்தகம் காட்டுகிறது. அங்குள்ள கோயில் மரபுப்படி, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸ் ஒரு பெருமழை இரவில் ஏரிக்கரையைப் பார்க்கச் சென்றபோது, வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காப்பதைக் கண்டார். கரை நிலைத்தது. நன்றிக் கடனாக அவர் தாயார் சந்நிதியைக் கட்டிக் கொடுத்தார். அங்கே எழுந்தருளிய இறைவன் இன்றும் ஏரி காத்த ராமர்தான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் பராமரிப்பு ஊரின் கையிலிருந்து மெல்ல அரசின் பொதுப்பணித் துறைக்குப் போனது, குடிமராமத்து தளர்ந்தது. ஏரிகளின் பயனும் மாறியது. வளர்ந்துவந்த சென்னைக்குக் குடிநீர் தேவைப்பட்டது. தாமரைப்பாக்கம் அணைக்கட்டால் கொசஸ்தலையாற்று நீர் சோழவரத்துக்குத் திருப்பப்பட்டு, 1872இல் புழல் ஏரியிலிருந்து நகருக்கு வந்தது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் முடிந்தது. பின்னாளில் செம்பரம்பாக்கமும் குடிநீருக்கு வந்து சேர்ந்தது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கோடைக் குடிநீருக்காக ஏரி நவம்பரிலேயே நிரம்ப வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அதே நவம்பரில் அதில் இடம் இருக்க வேண்டும்.

ஆறுகள் கடலில் சேரும் இடமும் மாறியது. 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. கூவத்தின் வாய் மணலால் அடைபட்டது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட பக்கிங்ஹாம் கால்வாய் மூன்று ஆறுகளையும் இணைத்து, வெள்ளத்துக்கு ஒரு பக்கவழியாகவும் உதவியது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறக்கும் ரயிலின் தூண்களை அந்தக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள்.

ஏரிகள் மனைகளானது இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் எழுந்தது. 1970களில் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் வந்தது. முகப்பேர் ஏரித் திட்டம் என்பது இன்று அஞ்சல் முகவரி. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியே கடலுக்கு அனுப்பிவந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், குப்பைமேட்டாலும் கட்டடங்களாலும் சுருங்கியது.

1943, 1976, 1985, 2005 என வெள்ளங்கள் வந்துகொண்டே இருந்தன. 1976 நவம்பர் 25இல் நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 செ.மீ. மழை இன்றும் பேசப்படுகிறது. 2015 நவம்பரில் அங்கே 1,049 மி.மீ. பெய்து நிலம் ஊறிக் கிடந்தபோது, டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. ஏறக்குறைய நிரம்பியிருந்த செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிடப்பட்டது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அதோடு சேர, சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் அடையாறு வீடுகளுக்குள் ஏறியது. ஒரு மதகைத் திறந்த நேரம் பற்றிய விவாதம் நியாயமானது. ஆனால் மேலே நூறு ஏரிகள் தாங்கியிருக்க வேண்டிய நீரை ஒரே மதகு தாங்கும்படி விட்டது அதைவிடப் பெரிய தவறு.

2022இல் பள்ளிக்கரணை ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை ஆகிய பகுதிகள் மீண்டும் மூழ்கின. இவை நான்கும் ஏரிகளின் உபரிநீர் காலங்காலமாக வடிந்த தாழ்நிலத்தில் இருக்கின்றன.