அவசர சிகிச்சையில் யாருக்கு முதலிடம்?

இராமநாதபுரம், இராமேஸ்வரம் பகுதி மக்களாகிய நாம் அவசர சிகிச்சைக்கு அரசு மருத்துவமனை சென்றால், "பின்னால் வந்தவரை ஏன் முதலில் பார்க்கிறீர்கள்?" என்று வாக்குவாதம் செய்வதுண்டு. அங்கே வரிசை, வந்த நேரத்தைப் பொறுத்ததல்ல, உயிராபத்தைப் பொறுத்தது.

தமிழக அரசின் 'தாய்' அவசர சிகிச்சைத் திட்டத்தில் மூச்சு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சுயநினைவு ஆகியவற்றைப் பார்த்து நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனடிச் சிகிச்சை; மஞ்சள் என்றால் அடுத்த நிலை; பச்சை என்றால் காத்திருக்கலாம். வலியால் அலறுபவரைவிட, பேச்சின்றிக் கிடப்பவர் பெரும் ஆபத்தில் இருக்கலாம்.

உயிரைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. அந்த உயிர் யாருடையதானாலும் வழிவிடுவோம். காத்திருக்கையில் நம் நோயாளிக்கு மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால், உடனே செவிலியரிடம் சொல்வோம்; வண்ணம் மாறும்.